ஏடு எவர் கையில்?

பலர் கூடி வைத்துக்கொள்ளும் கணக்கு, லயத்து மக்கள் யாவரும் நீர் பிடிக்கும் பீலியைப் போன்றது. குடத்தை நீட்டும் உரிமை அனைவர்க்கும் உண்டு. ஊற்றுக்கண்ணைக் கலக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. இவ்விரண்டையும் பிரித்தறியாத ஊரில் ஒன்று நீர் கலங்கும், அல்லது பீலிக்கு வேலி போடப்பட்டு மக்கள் தாகத்தால் வாடுவர்.

இவ்வெளிய உண்மையை இன்று வற்புறுத்த வேண்டிய காரணம் இருக்கின்றது. பாடசாலையின் புள்ளிப் பட்டியல், வாசகசாலையின் நூற்பட்டியல், கோவில் திருவிழாவின் வரவு செலவு, மரணாதார சங்கத்தின் சந்தாக் கணக்கு ஆகிய யாவும் முன்னர் ஒருவரது பெட்டியில், ஒருவரது கையெழுத்தில் உறங்கிக் கிடந்தன. இன்று அவை விரிதாள்களாகிக் கணினியில் ஏறிவிட்டன. 1979ஆம் ஆண்டில் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆக்கிய ‘விசிகால்க்’ என்னும் நிரல்தான் கணக்குப் புத்தகத்தின் நிரைகளையும் நிரல்களையும் தனியாட் கணினியின் திரைக்குக் கொணர்ந்தது. 2006இல் கூகிள் நிறுவனம் இணையவழி விரிதாளை வெளியிட்டபோது, ஒரே தாளைப் பலர் பல ஊர்களிலிருந்து ஒரே வேளையில் எழுதும் நிலை பரவலாயிற்று. மஸ்கெலியாவில் ஓர் ஆசிரியர் எழுதும்போதே ஹட்டனில் இன்னொருவர் அதே தாளில் எழுதலாம். இது பெரும் வசதியே. ஆயினும், எழுதும் கை பெருகியபோது அழிக்கும் கையும் பெருகிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

அழிப்பவர் யாவரும் தீயவர் அல்லர். தீமை செய்யவேண்டுமென்று வருபவர் நூற்றுக்கு ஒருவரேனும் இரார். பேருந்தில் நின்றபடி கைபேசியில் பட்டியலைப் பார்க்கும் ஒருவரது பெருவிரல் ஒரு கலத்தில் பட்டுவிடுகின்றது. அங்கிருந்த 72 போய் 7 நிற்கின்றது. வேறொருவர் பெயர்களை அகர வரிசைப்படுத்த விரும்புகின்றார். பெயர் நிரலை மாத்திரம் தெரிவுசெய்து வரிசைப்படுத்திவிடுகின்றார். பெயர்கள் இடம்பெயர்கின்றன; புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அஃதாவது, ஒரு பிள்ளையின் உழைப்பு இன்னொரு பிள்ளையின் பெயருக்கு எதிரே போய் அமர்ந்துகொள்கின்றது. இவ்வகைப் பிழையே மிகக் கொடியது. ஏனெனில், தாள் முழுவதும் நிரம்பியிருக்கும், கூட்டுத்தொகையும் சரியாயிருக்கும், கண்ணுக்கு ஒரு குறையும் தோன்றாது. நானறிந்த ஒரு பாடசாலையில் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் இவ்வாறு இடம்மாறின. வகுப்பிலே முதல்வளாக வந்த மாணவி கணிதத்தில் தவறியதாகப் பதிவாயிருந்தமையால் மாத்திரமே பிழை வெளிப்பட்டது. அவள் நடுத்தர மாணவியாயிருந்தால் எவர் ஐயுற்றிருப்பார்?

தமிழ் கற்றோர்க்கு இஃது ஒரு புதிய துன்பமன்று. பல கைகள் தொட்ட பொது ஏட்டின் இன்னலை நம்மினும் அறிந்த சாதி வேறு எது? ஓலையைப் பார்த்து ஓலை எழுதிய காலமெல்லாம், படியெடுத்தவர் ஒவ்வொருவரும் ஒருவகையில் திருத்துநரே. சிதைந்த சொல்லை ஊகித்து எழுதினார் ஒருவர். தம் பாட்டொன்றைப் பெரும்புலவர் பாட்டுகளிடையே செருகினார் இன்னொருவர். பாடபேதம் என்றும் இடைச்செருகல் என்றும் நாம் வழங்கும் சொற்கள் இத்துன்பத்திற் பிறந்தவை. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை எதிற் செலவிட்டனர்? எவரோ, எக்காலத்திலோ, பெயர் குறியாமற் செய்துவிட்டுப்போன மாற்றங்களைக் கண்டுபிடிப்பதிலன்றோ!

இந்த இடரை முன்னோர் வாளா பொறுத்திருந்தனர் என்று எண்ணவேண்டா. ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக வரும் அந்தாதித் தொடை செவிக்கு இன்பம் தருவதோடு காவலும் புரிகின்றது. இடையில் ஒரு பாட்டு உதிர்ந்தாலும், புதிதாக ஒன்று நுழைந்தாலும், சங்கிலி அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து இவ்வாறு அமைந்ததே. நூலின் பெயரிலேயே தொகையைப் பொறித்துவைத்தமையும் அத்தகைய காவலே. ஐங்குறுநூறு என்ற பெயர் 500 பாட்டு என்று சொல்கின்றது. ஆகவே 129ஆம் 130ஆம் பாட்டுகள் கிடைக்காமற் போனமை நமக்குத் தெரிகின்றது. பதிற்றுப்பத்து என்ற பெயர் இருப்பதனாலேயே முதற்பத்தும் இறுதிப்பத்தும் இழந்தோம் என்று அறிகின்றோம். பட்டியலின் தலையில் ‘மொத்தப் பெயர்கள் இத்தனை’ என்று எழுதிவைக்கும் ஆசிரியர், அறிந்தோ அறியாமலோ, சங்கத் தொகையாளர் வழியையே பின்பற்றுகின்றார்.

அரசரும் இவ்வகையில் விழிப்பாயிருந்தனர். ஆனைமங்கலச் செப்பேடுகளில் பெரியதாகிய தொகுதி 21 ஏடுகளை உடையது. அவ்வேடுகளைத் துளையிட்டு, ஒரு வளையத்திற் கோத்து, வளையத்தின் மேல் சோழர் இலச்சினையைப் பதித்தனர். வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டை உருவவும் இயலாது, ஒன்றை நுழைக்கவும் இயலாது. கல்வெட்டின் முடிவிலோ, இத்தருமத்தை அழித்தவன் கொடும் பாவத்தை அடைவான் என்ற சாபமொன்று காவல் நிற்கும். கடவுச்சொல் இல்லாத காலத்தின் கடவுச்சொல் அது! ஆனால் ஒன்று கவனிக்க: கல்வெட்டைக் கோவிற் சுவரில், எல்லோரும் காணுமாறே வெட்டினர். மாற்றுதற்கு அரிது, பார்த்தற்கு எளிது. இந்த இரண்டும் சேர்ந்திருப்பதே பொதுக் கணக்கின் இலக்கணம் என்பது என் கருத்து.

இனி, நமது மலைநாட்டுக்கு வருவோம். இங்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் வாழ்வை ஆண்ட ஏடு ஒன்று உண்டு, அதுவே செக்ரோல். நிரையிலே தொழிலாளியின் பெயர். நிரலிலே மாதத்தின் நாட்கள். பிரட்டுக்களத்துக்கு வந்து, மலையேறிக் கொழுந்து பறித்து, மடுவத்தில் நிறுத்துக் கொடுத்தால் அன்றைய கலத்தில் ஒரு ‘பேர்’ விழும். நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’. ஒருநாள் உழைப்புக்கே பேர் என்ற பெயர் வழங்கிய மண் இது! அந்தச் சிறு கலத்துக்குள் ஒரு குடும்பத்தின் அரிசி இருந்தது. பிள்ளையின் புத்தகம் இருந்தது. தீபாவளிச் சேலை இருந்தது.

அந்த ஏடு நன்றாகப் பாதுகாக்கப்பட்டதா என்று கேட்டால், மிக நன்றாகப் பாதுகாக்கப்பட்டது என்றுதான் விடை சொல்லவேண்டும். எவரிடமிருந்து? எவள் பெயர் அதில் இருந்ததோ அவளிடமிருந்து! கணக்கப்பிள்ளை எழுதினார், துரை கையொப்பமிட்டார், பறித்தவளுக்கு அதைத் தொடும் உரிமையுமில்லை, படிக்கும் எழுத்துமில்லை. சாக்குக்கு என்றும் தண்ணீருக்கு என்றும் கழித்த எடையைக் குறித்து அவள் வாய்ச்சொல்லால் முறையிட முடிந்ததேயன்றித் தாளைக் காட்டி வாதாட முடிந்ததில்லை. அதற்கும் முந்திய காலத்தில் ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளர் தலைமேல் எழுதிய கடனை அடுத்த தோட்டம் செலுத்தினால் அவர்களை விடுவிப்பதாகக் கூறும் சீட்டு அது. கடன் எவ்வளவு என்று எழுதியவர் ஒருவர். அதைச் சுமந்தவர் வேறொருவர். 1921இற் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்பட்டது.

பெரிய ஏடு ஒன்றையும் ஈண்டு நினைத்தல் தகும். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மஸ்கெலியாத் தொகுதி மக்கள் இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த ஜி. ஆர். மோத்தாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். தலவாக்கலை மக்கள் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையை அனுப்பினர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமை குடிமக்களுக்கே உரியதாக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, ஐந்தாண்டுக்கு முன் வாக்களித்த மலையகத்தாரிற் பெரும்பாலோர் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை ஒரு நிரலிலும் 3,00,000 பேரை மறுநிரலிலும் இட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு சரிபாதியாகப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்நீண்ட கணக்கு முடிவுக்கு வந்தது. ஒரு பட்டியலிலிருந்து ஒரு வரியை நீக்குதல் எவ்வளவு சிறிய செயல், எவ்வளவு பெரிய விளைவு என்பதை இம்மலைகளுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

ஆதலின், பொதுத் தாளைப் பூட்டுதல் பற்றிப் பேசும்போது நான் இரண்டு பூட்டுகளை வேறுபடுத்துகின்றேன். ஒன்று காக்கும் பூட்டு. மற்றொன்று மறைக்கும் பூட்டு. முன்னது எழுதுகோலைக் கட்டுப்படுத்துகின்றது. பின்னது கண்ணைக் கட்டுகின்றது. செக்ரோலுக்கு இருந்தது இரண்டாவது பூட்டு. நம் சங்கங்களும் பாடசாலைகளும் முதலாவதைத் தேடவேண்டும்.

இங்கே இருதிறத்தார் என்னோடு மாறுபடுவர். ஒரு திறத்தார், “நமக்குள்ளே பூட்டு எதற்கு? நம்பிக்கை இல்லையா?” என்பர். அவர்களது நல்லெண்ணத்தை மதிக்கின்றேன். எனினும் பூட்டு நம்பிக்கைக்குப் பகையன்று. தாளில் எவரும் எதையும் மாற்றலாம் என்றிருந்து, ஒரு தொகை மாறிப்போனால், அன்று முதல் இருபது பேரும் ஐயத்துக்கு உரியவராகின்றனர். குற்றமற்ற பத்தொன்பதின்மரைக் காப்பதற்கேனும் பூட்டு வேண்டும். மறுதிறத்தார், “தொல்லையே வேண்டா, செயலாளர் ஒருவரே எழுதட்டும், மற்றையோர்க்குத் தாளே தேவையில்லை” என்பர். இது பழைய கணக்கப்பிள்ளையைக் கணினிக்கு முன் உட்காரவைப்பதாகும். அவர் நேர்மையாளராயினும், அவரது பிழையைக் காட்ட ஒருவரும் இரார்.

நடுவழி உண்டு, அது கடினமும் அன்று. முதலாவது, எல்லோருக்கும் ஒரே உரிமை வழங்கலாகாது. விரிதாளைப் பகிரும்போது பார்வையாளர், கருத்துரைப்பவர், திருத்துநர் என மூவகை உரிமை உண்டு. பெரும்பாலோர்க்குப் பார்வை போதும். ஐயமுடையோர்க்குக் கருத்துரை போதும். எழுதும் பொறுப்புடையோர்க்கே திருத்தும் உரிமை. ‘இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்’ என்ற ஏற்பாட்டைப் பொதுக் கணக்குக்கு ஒருபோதும் கொள்ளலாகாது; இணைப்பு எவ்வெவர் கைக்குப் போகும் என்று எவரும் சொல்ல இயலாது. திருத்துநர் மேலும் ஆட்களைச் சேர்க்காதவாறு தடுக்கும் வசதியையும் உரிமையாளர் பயன்படுத்தல் வேண்டும்.

இரண்டாவது, திருத்துநர்க்குள்ளும் எல்லை வகுக்கலாம். கூகிள் விரிதாளில் தரவுப் பகுதியிலுள்ள பாதுகாப்பு ஏற்பாட்டால், கணித நிரலைக் கணித ஆசிரியரும் தமிழ் நிரலைத் தமிழாசிரியருமே எழுதுமாறு செய்யலாம். பெயர் நிரலையும் கூட்டுத்தொகைச் சூத்திரங்களையும் அதிபரோ, அவர் குறிப்பிட்ட ஒருவரோ மாத்திரம் மாற்றலாம். எக்செலில் ஒரு நுட்பம் உண்டு. பலர் அதை அறியாது இடர்ப்படுவர். அங்கே எல்லாக் கலங்களும் இயல்பாகவே பூட்டப்பட்டவை எனக் குறிக்கப்பட்டிருக்கும். தாளைப் பாதுகாக்கும் கட்டளை கொடுத்தபின்னரே அப்பூட்டு செயற்படும். ஆகவே, எழுதவேண்டிய கலங்களை முதலிலே திறந்துவிட்டு, பின்னர் தாளைப் பூட்டவேண்டும். முறைமாற்றிச் செய்தால் ஒருவரும் ஒன்றும் எழுத இயலாது.

மூன்றாவது, கலத்துக்கு வாயில்காப்போன் வைக்கலாம். புள்ளி நிரலில் 0 முதல் 100 வரையுள்ள எண்ணே நுழையலாம் என்று விதித்தால், 720 என்று எவரும் எழுத முடியாது. கணினி தானே செய்யும் மாற்றமும் உண்டு. கைபேசி எண்ணின் முன்னுள்ள 0 காணாமற் போகும். 12 இலக்கத் தேசிய அடையாள அட்டை எண் எக்செலில் புரியாத சுருக்கக் குறியீடாகத் தோன்றும். எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகவே கொள்ளுமாறு அந்நிரலை முன்கூட்டியே அமைத்தால் இவ்விடர் நீங்கும். இஃது அற்ப விடயமன்று. மரபணு ஆய்வாளர் சூட்டிய சில குறும்பெயர்களை எக்செல் மாதத் தேதிகளாக மாற்றிவந்தமையால், 2020இல் அம்மரபணுக்களுக்கே புதுப்பெயர் சூட்டும்படி ஆயிற்று.

நான்காவது, அழிந்ததை மீட்கும் வழி அறிந்திருத்தல் வேண்டும். 1960களின் பிற்பகுதியில் எழுந்த மவுஸாக்கலை நீர்த்தேக்கத்தின் கீழே பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கின்றது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோவிலின் சிதைவுகள் தலைகாட்டுகின்றன. இணையவழி விரிதாளிலும் அவ்வாறே முந்திய நிலைகள் அடியிற் கிடக்கின்றன. பதிப்பு வரலாற்றைத் திறந்தால், எவர், எந்நாள், எதை மாற்றினார் என்று காணலாம். முன்னைய பதிப்புக்கு மீளலாம். தனித்தனிக் கணக்கின் வழியாக நுழைந்து எழுதினாலன்றி ‘எவர்’ என்பது விளங்காது. ஆதலின், ஒரே கடவுச்சொல்லைப் பத்துப்பேர் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் ஒழியவேண்டும். தவணை முடிவில் ஒரு படி எடுத்து வேறிடத்தில் வைத்தலும் நன்று.

இவ்வளவும் செய்தபின்னும் பூட்டின் எல்லையை உணர்தல் வேண்டும். தாளின் பாதுகாப்பு தவறுதலான கையைத் தடுப்பதற்கேயன்றித் துணிந்த கள்வனைத் தடுப்பதற்கன்று; அதனை இரகசியக் காவலாகக் கொள்ளவேண்டாமென்று மென்பொருள் ஆக்கியோரே கூறுகின்றனர். மறைத்துவைத்த தாளையும் திருத்துநர் ஒருவர் மீண்டும் வெளிப்படுத்தலாம். ஆகவே, பிள்ளைகளின் குடும்ப விவரம், நோய் விவரம் போன்றவற்றைப் பொதுத் தாளில் எழுதிப் பூட்டுவதைவிட, எழுதாதிருத்தலே சிறந்த பூட்டு. அனைவரும் காணவேண்டும் என்று நான் கூறுவது பொதுக் கணக்கைப் பற்றியதே. தனியொருவரின் துயரைப் பற்றியதன்று.

கண் திறந்திருப்பதன் பயனை ஓர் உலக எடுத்துக்காட்டாற் கூறுகின்றேன். 2010இல் பொருளியற் பேரறிஞர் ரெயின்ஹார்ட், ரொகோஃப் இருவரும் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். செலவைக் குறைக்க விரும்பிய அரசியலாளர் பலர் அதனை மேற்கோள் காட்டினர். 2013இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவராயிருந்த தாமஸ் ஹெர்ன்டன், அவர்களிடமே விரிதாளைக் கேட்டுப் பெற்று ஆராய்ந்தார். சராசரிச் சூத்திரம் 20 நாடுகளைத் தழுவவேண்டிய இடத்தில் 15ஐயே தழுவியிருந்தது. ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அத்தாளை அந்நியர் எவரும் கெடுக்கவில்லை. உரியவர் கையிலேயே பிழை நேர்ந்தது. பிறர் கண் பட்டபோதே அது வெளிப்பட்டது. பூட்டு மாத்திரம் மெய்ம்மையைக் காக்காது. பூட்டும் கண்ணும் சேர்ந்தே காக்கும்.

இதனை உத்தரமேரூர் மக்கள் பத்தாம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தனர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவரது உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியவராகார் என்று விதிக்கின்றது. எழுதுகோல் ஏந்தும் உரிமைக்கு விலை, ஊருக்குக் கணக்குக் காட்டுதலே.

நம் ஆசிரியர்களும் மாணவர்களும் இலக்கிய வட்டத்தினரும் இன்று எத்தனையோ பட்டியல்களைத் தொடங்குகின்றனர். மலையக நூல்களின் தொகுப்பு, பழைய சஞ்சிகைகளின் அட்டவணை, முதியோர் வாயிற் கேட்ட நாட்டார் பாடல்களின் பதிவு, லயத்துப் பிள்ளைகளின் கல்வி விவரம் என அவை விரிகின்றன. பிறர் எழுதிய ஏடுகளில் வெறும் எண்ணாகக் கிடந்த மக்கள், தம்மைத் தாமே எழுதத் தொடங்கிய காலம் இது. அப்பட்டியல்கள் ஒரு பெருவிரல் தடுமாற்றத்தால் அழிதலும் வேண்டா. ஒருவரது பெட்டியில் பூட்டுண்டு மடிதலும் வேண்டா. தொடங்கும் நாளிலேயே மூன்று வினாக்களை எழுப்பி விடைகண்டபின் முதற் பெயரை எழுதுங்கள்: இதை எழுதுவோர் யார்? காண்போர் யார்? மாறினால் அறிவது எவ்வாறு? இம்மூன்றுக்கும் விடையுள்ள ஏடே பொது ஏடு. மற்றது, எவ்வளவு அழகிய நிரல்கள் உடையதாயினும், பழைய செக்ரோலே.